ஏரியைக் குளிப்பாட்டியவள்

எங்கள் வானொலி நிலையத்தில் எந்த ஒலிப்பதிவும் குளிக்காமல் உள்ளே வராது. அந்தச் சட்டத்தைப் போட்டவள் நான். பதினோரு வருடமாக அதைப் பற்றி ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தவளும் நான்தான்.

எங்களுக்கு மின்சாரம் ஆற்றோர மாவு மில்லின் சின்ன டர்பைனிலிருந்து வருகிறது. அது ஓடும்போதெல்லாம் உர்ரென்று ஒரு முனகல் எல்லா மைக்குக்குள்ளும் புகுந்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாதிரியாரின் பிரசங்கத்தைப் பதிவுசெய்து ஒலிபரப்பினோம். மறுநாள் சந்தையில் உருளைக்கிழங்கு விற்கிற தோமாசா என் சால்வையைப் பிடிக்காத குறையாக நிறுத்தினாள்.

"ஏண்டி டெல்மிரா, ஃபாதர் பேசுறப்ப பின்னாடி மாட்டைப் படுக்க வச்சது யாரு? அதுபாட்டுக்குக் குறட்டை விடுது!"

சந்தையே சிரித்தது. எனக்கு மானமே போயிற்று. அன்றைக்கே கணினியின் முன் உட்கார்ந்து ஒரு சின்ன நிரல் எழுதினேன். ஒரு கோப்பை அதற்குள் போட்டால் போதும். அந்த முனகலைப் போன்ற கனத்த அடிச்சத்தம் அத்தனையையும் வெட்டி எறியும். சும்மா கிடக்கிற இடங்களை நீக்கும். குரலைத் தூக்கிக் கொடுக்கும். மைக் கேட்டதை ஒன்று விடாமல் எழுதிவைக்கிற பூதாகரமான வேவ் கோப்பை, யாரிடமும் உரிமம் கேட்கத் தேவையில்லாத ஓக் வடிவத்தில் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கித் தரும். கடைசியில் மூலக்கோப்பை அழித்தும்விடும். எங்கள் கணினியில் இடம் அவ்வளவு பஞ்சம். இந்த மொத்த வேலைக்கும் நிலையத்தில் 'குளியல்' என்று பெயர் வந்துவிட்டது. பேட்டியைக் குளிப்பாட்டினீர்களா, கால்பந்து வர்ணனை குளித்ததா என்றுதான் பேசிக்கொள்வோம்.

ஊருக்கு மேலே, மலையில் தொங்கும் பனிச்சுவருக்கு நேர் கீழே, ருரிகோச்சா ஏரி இருக்கிறது. என் தம்பி அமான்சியோ அதன் காவலாள். கரையில் ஒரு கல் குடிசை, ஒரு நாய், ஒரு வாக்கிடாக்கி, பாக்கெட்டில் எங்கள் நிலையம் பாடிக்கொண்டேயிருக்கும் ஒரு டிரான்சிஸ்டர். பனி உடைந்து ஏரியில் விழுந்தால் தண்ணீர் கரையைத் தாண்டும். தாண்டினால் நாற்பது நிமிடத்தில் எங்கள் ஊர். இதைச் சொல்லிக்கொடுத்துத்தான் எங்கள் பிள்ளைகளுக்கு நடக்கவே பழக்குகிறோம்.

போன வருடம் புனிதர் ஊர்வலத்தன்று அமான்சியோ மேலிருந்து சைரனை ஒலிக்கவிட்டான். ஊரே மேட்டுக்கு ஓடியது. எல்லோருக்கும் முன்னால் ஓடியது பாதிரியார். புனிதர் மட்டும் நடுத்தெருவில் பல்லக்கோடு தனியாக நின்றார். தண்ணீர் வரவில்லை. அதற்குப் பிறகு அமான்சியோவின் பெயரே 'சைரன்' என்றாகிவிட்டது. அவன் கீழே வந்தால் சின்னப் பிள்ளைகள் ஊஊ என்று ஊளையிட்டுக்கொண்டு பின்னால் வரும். நகரசபை சைரனின் சாவியை வாங்கி மேயரின் மேசைக்குள் பூட்டியது. இனிமேல் தலைநகர் லிமாவின் பல்கலைக்கழகம் சொன்னால்தான் சைரன் என்று தீர்மானம் போட்டார்கள்.

பல்கலைக்கழகம் லிமாவிலிருந்து வந்து ஏரித் தண்ணீருக்குள் மூன்று மைக்குகளை இறக்கியது. பனி உடைவதற்கு முன் ஏரி முனகுமாம். அதைக் கேட்டுச் சொல்ல அவர்களிடம் ஒரு மென்பொருள் இருந்தது. சனிக்கிழமைதோறும் அமான்சியோ அந்த மைக்குகள் பதிவுசெய்த மூன்று மெமரி கார்டுகளோடு இறங்குவான். வெறும் கார்டுகளையும் வாரத்துக்கான சாப்பாட்டையும் எடுத்துக்கொண்டு ஞாயிறு காலையில் ஏறுவான். கார்டில் இருப்பதை லிமாவுக்கு அனுப்புவது என் பொறுப்பு.

வாரத்துக்கு முப்பது ஜிபி. எங்கள் ஊர் இணையத்தில் அதை அனுப்புவது புட்டியின் கழுத்து வழியாகப் பன்றியை நுழைக்கிற வேலை. பல்கலைக்கழகத்தின் இன்ஜினியர் ஒலோர்தெகியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"சுருக்கி அனுப்புங்க டெல்மிரா. திறந்த வடிவம் எதுவானாலும் எங்க புரோகிராம் படிச்சுக்கும். ஃபிளாக்னா ரொம்ப நல்லது. ஒலியை மட்டும் தொடாதீங்க."

ஃபிளாக்கில் போட்டுப் பார்த்தேன். அது மூட்டையை இறுக்கிக் கட்டும், உள்ளே இருக்கிற ஒரு தானியத்தைக்கூட எடுக்காது. முப்பது பதினாறானது. அதற்கே மூன்று நாள் இணையம் அடைத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்திலிருந்து சத்தம், நகரசபையிலிருந்து சத்தம். சீ, போங்கடா என்று அடுத்த வாரக் கார்டுகளைக் குளியலுக்குள் தள்ளினேன். முப்பது இரண்டுக்கும் கீழே வந்தது. எனக்கு ஒரே குஷி.

"ஓக்ல போட்டு அனுப்பிட்டேன் மேடம், திறக்குதா?"

"திறக்குது, திறக்குது. நன்றி."

குளிப்பாட்டியதை நான் சொல்லவில்லை. மறைக்கவில்லை, சத்தியமாக மறைக்கவில்லை. கிழங்கை வேகவைத்தேன் என்று சொல்கிறவள் அதைக் கழுவினேன் என்றும் சேர்த்தா சொல்வாள்? ஒலியைத் தொடாதே என்றார்கள். நான் தொட்டதாகவே எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் லிமாவிலிருந்து ஒரே வரிதான் வந்தது. 'நிகழ்வு எதுவும் இல்லை.' நான் அதைக் காலை ஏழு மணிச் செய்தியில் கணீரென்று வாசித்தேன். ஆற்றோர வீடுகளைக் காலிசெய்து போயிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பாயையும் பானையையும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

மூன்றாவது வாரத்தில் அமான்சியோ வாக்கிடாக்கியில் கூப்பிட்டான். "அக்கா, ஏரி முனகுது."

"லிமா அப்படிச் சொல்லலையே."

"காதுல கேக்கலக்கா. பல்லுல கேக்குது. வயித்துல கேக்குது. மேசைமேல வச்ச தகரக் குவளை தானா நகருது. நாய் தரையில படுக்க மாட்டேங்குது, என் கட்டில்ல ஏறிக்குது."

"உனக்கு நாயாவது கட்டில்ல துணைக்கு இருக்கே, சந்தோஷப்படு."

அவன் சிரிக்கவில்லை. நானோ சும்மா இருக்கவில்லை. மறுநாள் காலை நிகழ்ச்சியில், "நம்ம ஏரிக்காவலருக்கு வயித்துக்குள்ள ஏரி முனகுதாம். யாராச்சும் மேல போற வழியில வயித்துவலிக்குக் கொஞ்சம் முன்யா தழை பறிச்சுட்டுப் போயி டீ போட்டுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு குழந்தை வீறிடுகிற சத்தத்தையும் போட்டேன். ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தோமாசா தொலைபேசியில் கூப்பிட்டு இன்னொரு முறை போடச் சொன்னாள். போட்டேன். அவன் அதை ஏரிக்கரையில் உட்கார்ந்து கேட்டிருப்பான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் போட்டேன்.

ஆறாவது சனிக்கிழமை அவன் வந்தபோது ஆள் பாதியாகியிருந்தான். கார்டுகளை என் மேசையில் வைத்துவிட்டு நின்றுகொண்டேயிருந்தான்.

"அக்கா, இந்த வாரம் நான் மேல போகல."

"ஏன், மேல யாரு கடிக்கிறா?"

"தூக்கம் வரலக்கா. பனிச்சுவர்ல புதுசா ஒரு கோடு விழுந்திருக்கு. வாத்தெல்லாம் போயிருச்சு. வேற யாரையாவது அனுப்பச் சொல்லு."

"எதைச் சொல்லி அனுப்பச் சொல்றது? அஞ்சு வாரமா லிமா ஒண்ணுமில்லைங்குது. நானும் கேட்டேன். வா, நீயே கேளு."

ஹெட்போனை அவன் தலையில் மாட்டி, போன வாரத்துப் பதிவைப் போட்டேன். குளித்து முடித்த பதிவு. தண்ணீர் கல்லில் மோதுகிற சலசலப்பு அவ்வளவு அழகாக, துல்லியமாகக் கேட்கும். அவன் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டான். பிறகு மெல்லக் கழற்றி வைத்தான்.

"இது என் ஏரி இல்லக்கா."

"பின்ன எவன் வீட்டு ஏரி?"

"தெரியல. அந்த முனகல் இதுல இல்ல."

"இல்லாதது எப்படிடா இருக்கும்?" எனக்குப் பொறுமை போய்விட்டது. "இங்க பாரு, இந்தத் தடவை நீ ஏறலைன்னா பயந்தாங்கொள்ளிங்கிற பட்டம் சாகுற வரைக்கும் போகாது. நிமியா சந்தைக்குப் போய்த் தலைநிமிர்ந்து நிக்க வேணாமா? அவ மூஞ்சிக்காகவாவது போடா."

நிமியா அவன் மனைவி. அவள் பெயரைச் சொன்னதும் அவன் முகம் சுருங்கியது. வறுத்த சோளம், பாலாடைக்கட்டி, பேட்டரி எல்லாவற்றையும் பைக்குள் திணித்தான். அடுத்த நாள் விடிந்ததும் ஏறிப் போனான். நான் வாசலில் நின்று கையாட்டக்கூட இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இன்ஜினியர் ஒலோர்தெகி கூப்பிட்டார். ஒரு மாதம் ஊரில் இல்லையாம். திரும்பி வந்ததும் எங்கள் கோப்புகளைத் தானே திறந்து பார்த்திருக்கிறார்.

"டெல்மிரா, இதுல ஏதோ தப்பா இருக்கே. அடிச்சத்தம் துளிகூட இல்ல. கத்தரியால வெட்டின மாதிரி இருக்கு. எவ்வளவு அமைதியான ஏரியிலும் கீழ ஏதாவது இருக்கும். எங்களுக்கு வேண்டியதே அந்தப் பகுதிதான். நீங்க ஃபில்டர் ஏதாச்சும் போட்டீங்களா?"

"ஐயோ, இல்ல மேடம். வழக்கம்போலக் குளிப்பாட்டிட்டுத்தான்..."

சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது.

"குளிப்பாட்டின்னா?"

சொன்னேன்.

"மூலக்கோப்பு இருக்கா?"

"அது அழிச்சிரும் மேடம். எல்லாத்தையும் அழிச்சிரும்."

ஆனால் சனிக்கிழமை வந்த மூன்று கார்டுகளில் ஒன்றை நான் இன்னும் தொட்டிருக்கவில்லை. சோம்பேறித்தனம்தான், வேறொன்றுமில்லை. அதை எடுத்து அப்படியே திறந்து, ஸ்டுடியோவின் பெரிய ஒலிபெருக்கியில் விட்டேன். காதில் ஒன்றும் விழவில்லை. ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு மட்டும் முன்னும் பின்னும் போய்வந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்தேன். அது என் கையைத் தள்ளியது. நின்றது. மறுபடி தள்ளியது. இந்தமுறை இடைவெளி குறைவு.

பத்து நிமிடப் பதிவை ஒரு முடிகூட வெட்டாமல் ஃபிளாக்கில் போட்டு லிமாவுக்கு அனுப்பினேன். கால் மணி நேரத்தில் தொலைபேசி அலறியது.

"உங்க தம்பியை இறக்குங்க. ஊரைக் காலி பண்ணுங்க. நான் மேயர்கிட்ட பேசுறேன். இப்பவே, டெல்மிரா, இப்பவே!"

வாக்கிடாக்கியை எடுத்தேன். "அமான்சியோ! இறங்குடா. அப்படியே போட்டுட்டு ஓடி வா."

"என்னக்கா, புதுசா என்ன விளையாட்டு?"

"விளையாட்டு இல்லடா. நீ சொன்னதுதான் சரி. ஏரி முனகினதை நான்தான் வெட்டி எறிஞ்சேன். அஞ்சு வாரமா நான்தான்டா வெட்டினேன். என் தலைமேல சத்தியம்."

"அப்ப எனக்குக் கிறுக்குப் பிடிக்கலையா?"

"இல்லடா ராசா, இல்ல. இறங்கு."

"சரி. மைக்குல இருக்கிற மூணு கார்டையும் எடுத்துட்டு இறங்குறேன்."

"கார்டு வேணாம்! ஒண்ணு என் கையில இருக்கு, அது போதும்!"

"உனக்குப் போதும். போன வருஷம் ஊரே என்னைச் சுத்தி நின்னு ஆதாரம் எங்கடான்னு கேட்டாங்களே, நீ பாத்தீல்ல? இன்னைக்குத் தண்ணி வரலைன்னா மறுபடியும் கேப்பாங்க. இந்தத் தடவை வெறுங்கையோட எறங்க மாட்டேன்க்கா."

கெஞ்சினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். செத்துப்போன அப்பாவின் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். அவன் நடக்க ஆரம்பித்துவிட்டான். மூன்றாவது மைக் பனிச்சுவருக்கு நேர் கீழே இருந்தது.

வாக்கிடாக்கியை மேசையில் நிறுத்தி வைத்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த பாட்டை வெட்டி ஒலிபரப்பு மைக்கைத் திறந்தேன். எல்லோரும் கல்லறை மேட்டுக்கு ஏறுங்கள், எதையும் எடுக்காதீர்கள், ஏறுங்கள் என்று சொன்னேன். உடனே தொலைபேசி அடித்தது. தோமாசா.

"யாருடி சொன்னா? சைரனா, லிமாவா? அடுப்புல குழம்பு கொதிக்குது, அவன் பேச்சைக் கேட்டு ஒரு தடவை ஓடினது போதும்."

ஒருத்தியாவது நகர வேண்டுமே என்ற அவசரம் எனக்கு. மைக்கிலேயே பதில் சொன்னேன். "அமான்சியோ இல்ல. லிமா சொல்லுது. பல்கலைக்கழகம் சொல்லுது. ஏறுங்க!"

சைரனும் கேட்டது. மேயர் பூட்டைத் திறந்துவிட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், தெரு அசைந்தது. கதவுகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஜனம் மேட்டுப் பாதையில் ஏறியது.

"ஒண்ணு எடுத்துட்டேன்" என்றான் தம்பி.

பிறகு, "ரெண்டு." அவன் இழுத்து இழுத்து மூச்சு வாங்குவது கேட்டது. அவனுடைய டிரான்சிஸ்டரிலிருந்து என் குரலே திரும்பி வந்தது.

"கேட்டேன்க்கா. நல்லா சொன்னே. லிமான்னு சொன்னாதான் நகருவாங்க" என்று சொல்லி லேசாகச் சிரித்தான். "மூணாவது மைக்கோட கம்பியில பனி கட்டிக்கிச்சு. தட்டி எடுக்கிறேன். நாய் எங்கயோ..."

வாக்கிடாக்கி மனிதக் குரலுக்காகச் செய்தது. அடிச்சத்தத்தை அது எடுத்துவராது. பனிச்சுவர் விழுந்தபோது என்ன சத்தம் வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. குரல் நின்றது, அவ்வளவுதான்.

"அமான்சியோ" என்றேன். ஒலிபரப்பு மைக் இன்னும் திறந்தே இருந்தது. அதில் நான் அழக்கூடாது. அழுதால் ஊர் நின்று கேட்கும். "ஏறுங்க, திரும்பிப் பாக்காதீங்க, ஏறுங்க" என்று அதே குரலில் சொல்லிக்கொண்டேயிருந்தேன், மின்சாரம் போகும்வரை. மில்லை ஆறு எடுத்துக்கொண்டபோது மின்சாரம் போயிற்று.

முப்பத்தொரு வீடுகள், பாலம், மில், சந்தைத் திடல் எல்லாம் போயின. எங்கள் நிலையம் மேட்டுத் தெருவில் இருந்ததால் தப்பியது. ஊருக்குள் ஒரு உயிர்கூடப் போகவில்லை. மேட்டில் வைத்துத் தோமாசா என் இரண்டு கைகளையும் பிடித்து முத்தமிட்டாள். மேயர் என்னை ஊரின் காவல் தேவதை என்றார். பல்கலைக்கழகத்தின் அறிக்கையில் 'தரவு மாற்றத்தில் தொழில்நுட்பக் குறைபாடு' என்று ஒரு வரி இருந்தது. அதை யாரும் படிக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பயம். அமான்சியோவைத் தேடி எட்டு நாள் சேற்றைக் கிளறினார்கள், கிடைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் நிமியா நிலையத்துக்கு வந்தாள். அடுத்த நாள் முதல் ஒலிபரப்பு மறுபடி தொடங்குவதாக இருந்தது. டீசல் ஜெனரேட்டர் வந்திருந்தது.

"அண்ணி, நீங்க இறங்கச் சொன்னீங்களாமே. அவரு கேக்கலையாமே. ஊர்ல சொல்றாங்க, முன்னாடி தேவையில்லாமப் பயந்தாரு, பயப்பட வேண்டிய நேரத்துல வீம்பு பண்ணாருன்னு." அவள் கண்ணில் நீரே இல்லை. "நானும் அப்படித்தான் நினைச்சேன். நீங்க அவ்வளவு கத்தியிருக்கீங்க, அந்த மனுஷன் கேக்கலையேன்னு."

அவள் என் தோளில் சாய வந்தாள். நான் விலகினேன். சாய விட்டிருந்தால் கடைசிவரை சொல்லியிருக்க மாட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். குளியல், ஐந்து வாரம், சனிக்கிழமை. அவள் மூஞ்சிக்காகப் போ என்று நான் சொன்னது வரை.

நிமியா அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என் பேரைச் சொன்னீங்களா?"

"ஆமா."

"நானும் அன்னைக்கு ராத்திரி போகச் சொன்னேன் அண்ணி. சைரன் பொண்டாட்டின்னு கூப்புடுறாங்க, வெக்கமா இருக்குன்னு சொன்னேன். அவரு திரும்பிப் படுத்துக்கிட்டாரு." மேசையை விட்டு நிமிர்ந்தாள். "நாளைக்கு ஊருக்குச் சொல்லுங்க. உங்க தப்பை மட்டும் சொல்லாதீங்க. அவருக்குப் பயமே இல்லன்னு கதையும் விடாதீங்க. பயந்தாரு. எப்படிப் பயந்தாருன்னு எனக்குத் தெரியும். அப்படிப் பயந்துக்கிட்டே போனாரு. அதைச் சொல்லுங்க."

மறுநாள் காலை ஏழு மணிக்கு மைக்கைத் திறந்தேன். ஜெனரேட்டரின் உர்ரென்ற சத்தம் உள்ளே வந்துகொண்டிருந்தது. இது நேரடி ஒலிபரப்பு. எதையும் வெட்ட முடியாது.

"ஏரிக்காவலர் அமான்சியோ அஞ்சு வாரமா உண்மையைச் சொன்னாரு. அவர் அனுப்புன உண்மையை அழிச்சது நான். அழிச்சுட்டு, அவரைப் பாத்துச் சிரிக்கவும் உங்களுக்குச் சொல்லிக்குடுத்தேன். அவர் பயந்தாரு. பயந்துக்கிட்டேதான் ஏறினாரு. போகச் சொல்லி விரட்டினது நான், டெல்மிரா, அவரோட அக்கா."